பாறைக்குட்டைக்குள் ஒரு கை

பங்காய், லிஃபுகா தீவு
1994 மார்ச் 14, இரவு

அன்புள்ள லூபே அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். ஆக்லாந்தில் உங்கள் சர்ச்சில் பாதிப் பேர் நம் பங்காய்க்காரர்கள்தான் என்று அப்பா சொல்வார். அதில் ஒருவருக்குத் தெரிந்தாலும் அடுத்த விமானத்தில் இங்கே செய்தி வந்துவிடும். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆண்டவர் கிருபையால் அப்பா, அம்மா, செமிசி அண்ணன், நான் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் பிறக்கும் முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். ஆனாலும் சுவரில் உங்கள் படம் இருக்கிறது. நீங்கள் வந்தால் உட்காருவதற்கென்று அப்பா ஒரு நல்ல பாயைச் சுருட்டி மூலையில் வைத்திருக்கிறார். பாதிரியார் வந்தபோதுகூட அதை விரிக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன நவம்பரில் நியூசிலாந்திலிருந்து சினிமா எடுக்க வந்தார்கள். ஜூடித் என்ற அம்மாதான் டைரக்டர். நூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு பெண், நீர் வற்றிய நேரத்தில் பாறைத்திட்டுக்குப் போய் ஒரு குட்டையை எட்டிப் பார்க்கிறாள். தண்ணீருக்குள் இந்தக் காலத்து மீனவன் ஒருவன் தெரிகிறான். அவனும் அதே குட்டையில் அவளைப் பார்க்கிறான். பேச முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். பிறகு ஒரு புயலில் குட்டை மணலில் மூடிப்போகிறது. அவன் கிழவனாகும்வரை தேடுகிறான். கடைசியில் குட்டை திரும்பக் கிடைக்கிறது. அவன் கையை நீட்ட, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்து அவன் விரலைத் தொடுகிறது. அதோடு படம் முடிகிறது.

அந்தக் கை என் கை, அத்தை.

கதாநாயகியாக நடித்தவள் காய்ச்சல் வந்து ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஜூடித் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லாப் பெண்களையும் கை நீட்டச் சொன்னார். என் கை அவள் கையைப் போலவே இருந்ததாம். முகம் வராது என்றார்கள். மனாசே மாமாவின் பச்சைப் படகில் பாறைத்திட்டுக்குப் போனோம். வகுப்பே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. கைதானே என்று நானும் வீட்டில் சொல்லவில்லை.

இன்று ஜூடித் நன்றி சொல்லிப் பள்ளிக்கூட முகவரிக்கு என் பெயரில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார்; யாரும் பார்க்கும் முன் ஒளித்துவிட்டேன். தண்ணீரில் இரண்டு கைகள். கீழே என்னுடையது. மேலே இருக்கும் கையில், கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கிறது. சுறாத் தூண்டில் கிழித்த நகம். இந்தத் தீவில் அது ஒருவனுக்குத்தான் உண்டு.

கதாநாயகன் கைக்காகச் செமிசி அண்ணனை வேறொரு நாள், வேறொரு இடத்தில் எடுத்திருக்கிறார்கள். ஆக்லாந்தில் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். ஜூடித்துக்கு நாங்கள் அண்ணன் தங்கை என்று தெரியாது. நம் வழக்கப்படி அவன் காதுபட என்னைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என் காதுபட அவனைப் பற்றியும் இல்லை. பக்கத்து வீட்டில் விடியோ போட்டு, கதாநாயகன் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான், இல்லாவிட்டால் நான் போய்விடுவேன். எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஆகஸ்டில் இந்தப் படத்தை முதன்முதலாக இங்கே சர்ச் ஹாலில் போட்டுக் காட்டுவதாக ஜூடித் வாக்குக் கொடுத்திருக்கிறார். தீவே வரும். அவன் நகம் எல்லோருக்கும் தெரியும். என் கை என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியும். கூடப்பிறந்த இரண்டு பேர் காதலர்களாகக் கை நீட்டுவதை எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு செமிசி இந்த வீட்டில் இருக்க மாட்டான். தீவிலேயே இருக்க மாட்டான். அவன் நல்லவன், அத்தை. மழைக்காலத்தில் நான் தனியாகப் படுக்கும் குடிசையின் கூரையை அவன்தான், நான் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து, சொல்லாமல் மாற்றிவிட்டுப் போவான்.

அவனிடம் இதை நான் பேச முடியாது. அப்பாவிடம் சொல்லப் பயம். அம்மாவிடம் சொன்னால் அப்பாவிடம் சொன்ன மாதிரிதான். நீங்கள் அப்பாவின் அக்கா. உங்கள் பேச்சுக்கு இந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஜூடித்தும் உங்கள் ஊரில்தான் இருக்கிறார். அந்தக் கைகளை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் முழங்காலுக்காக ஜெபிக்கிறேன்.

உங்கள் தம்பி மகள்,
ஃபுசி

—

ஓடாஹூஹூ, ஆக்லாந்து
ஏப்ரல் 3

என் கண்ணு ஃபுசிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. போன மாதம் சலவை நிலையத்தில் நீராவி பட்டு வலது புறங்கை வெந்துபோனது. ஆறிவிட்டது. மீன் வால் மாதிரி ஒரு தழும்பு மட்டும் நிற்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் "லூபே, உன் கையில மீன் புடிக்கலாம்" என்று கேலி செய்கிறார்கள்.

உன் கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னாய். இங்கே அடுப்பில் நெருப்பே கிடையாது, சுருள் கம்பிதான். அதனால் வாளியில் ஊறவைத்துக் கூழாக்கிவிட்டேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவளுக்கு அது பெரிய வேலை இல்லை.

ஜூடித்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடு, தூங்கு.

உன் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். மழை, சர்ச், விலைவாசி. அதை அவன் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவான். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேள். உனக்கு எழுதுவதை இப்படி மனாசேவின் பெயருக்கு அனுப்புகிறேன். அவர் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை. படகு இன்னும் பச்சையாகவே இருக்கிறதா? அவர் பாட்டுக்குழுவில் இப்போதும் சுருதி இல்லாமல்தான் பாடுகிறாரா? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
லூபே அத்தை

—

பங்காய்
ஏப்ரல் 24

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். உங்கள் கை இப்போது எரியவில்லையே? அம்மாவிடம் சொல்ல முடியாமல் நானே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடிதம் வந்தது. மனாசே மாமா படகுத்துறையில் என்னைக் கூப்பிட்டார். அவர் பெயர் எழுதிய உறையைப் பிரித்திருந்தார். உள்ளே என் பெயர் எழுதிய உறை. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் உறையைத் திரும்ப எட்டிப் பார்த்தார். பிறகு கவிழ்த்து உதறினார்.

"மாமா, என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல, பாப்பா. சில சமயம் ஏதாவது ஒட்டிக்கிட்டு நிக்கும்."

"ஒண்ணும் இல்லையே."

"இல்லதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "உங்க அத்தை நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். கை வெந்ததைச் சொன்னேன். எந்தக் கை என்று கேட்டார். வலது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

படகு பச்சைதான், ஆனால் பெயின்ட் உரிந்து பாதி மரம் தெரிகிறது. பாட்டு மோசம்தான். பாதிரியார் அவரைப் பின்வரிசைக்கு மாற்றியும் முன்வரிசைக்குக் கேட்கிறது. இத்தனை வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று பெண்கள் கேலி செய்வார்கள். "என் படகுல ஒரு ஆளுக்குத்தான் இடம்" என்று சொல்லிச் சிரிப்பார். அது பொய், அத்தை. அதில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம்.

இங்கே பயம் கூடிக்கொண்டே போகிறது. படம் போடும் தேதி முடிவாகிவிட்டது. ஆகஸ்டில், சர்ச் மாநாட்டுக்கு முந்தின சனிக்கிழமை. வெள்ளைத் துணியைத் தைக்கும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு. எந்தத் துணியில் எங்கள் மானம் போகப்போகிறதோ அதை நானே உட்கார்ந்து தைக்கிறேன்.

செமிசி இப்போதெல்லாம் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே திரிகிறான். ஆண்கள் கூடிக் காவா வேர்ச்சாறு குடிக்கும் இடத்தில் அவனை "சினிமாக்காரா" என்று கூப்பிடுகிறார்களாம். அடுப்படியில் அம்மாவிடம் அவன் சொன்னது குடிசைக்குக் கேட்டது. "அம்மா, படம் போடுற அன்னைக்கு நீ முன்னாடி உட்காரு. கடைசி சீன்ல நல்லாப் பாரு. ஏன்னு கேக்காத." அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

ஃபுசி

—

ஓடாஹூஹூ
மே 17

என் கண்ணு,

நான் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

ஜூடித்தைப் பார்த்தேன். ஒரு மாடியில் இருட்டறையில் மேசைமேல் படச்சுருள்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கெட்டவள் இல்லை. காபி கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"வெறும் கைதானே, லூபே."

"உனக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"ரெண்டு பேர் இருக்காங்க."

"அவங்களோட உக்காந்து இந்தப் படத்தைப் பாப்பியா?"

"தாராளமாப் பாப்பேன். பாப்கார்ன் வாங்கிக்கிட்டு."

"அப்படின்னா உனக்கு விளங்க வைக்க என்னால ஆகாது. நான் சொல்றதை நம்பிக்க. அந்தத் துணியில இது விழுந்தா, அந்தப் பையன் அன்னைக்கு ராத்திரியே படகேறிடுவான். அவனோட அம்மா அவனைத் திரும்பப் பாக்க வருஷக்கணக்காகும். எனக்குத் தெரியும்."

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஆனாலும் முடியாது என்றாள். அந்தக் கைகள் இல்லாமல் படமே இல்லையாம். "நான் உன்னை வெட்டச் சொல்லல, படத்தைக் காட்டு" என்றேன். முழுக்க ஓட்டிக் காட்டினாள். சின்னத் திரைதான். நம் கடல், நம் பாறைத்திட்டு, பின்னால் ஒரு ஓரத்தில் பச்சையாக ஒரு படகு.

முடிந்ததும் கேட்டேன். "அந்த ஆள் கிழவன் ஆகுற வரைக்கும் தேடுறான். தலைக்கு மாவு பூசி நரைக்க வெச்சிருக்க. முகத்துல கோடு போட்டிருக்க. கை மட்டும் பத்தொம்பது வயசுப் பையன் கையா இருக்கு. அவளுக்கு வயசே ஆகலையா? தண்ணிக்கு அந்தப் பக்கம் அவளும் தேடியிருக்க மாட்டாளா?"

அந்தக் கடைசிச் சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். நான் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் திரும்பப் போவேன். அதற்கடுத்த வாரமும் போவேன்.

உன் தையல் கோணாமல் இருக்கட்டும்.

லூபே அத்தை

—

பங்காய்
ஜூன் 5

அன்புள்ள அத்தைக்கு,

அப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து இப்போது பரவாயில்லை. மற்றவர்கள் நலம். நீங்களும் குளிருக்குக் கெட்டியாகப் போர்த்திக்கொள்ளுங்கள்.

மனாசே மாமா இந்தத் தடவையும் உறையை உதறினார்.

நீங்கள் கேட்ட கேள்வியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் வயதாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையை நீட்டியபோது நான் நினைத்ததெல்லாம் கடல்வெள்ளரி காலில் படக் கூடாது என்பது மட்டும்தான்.

ஜூடித் என்ன சொன்னார்? துணி தைத்து முடித்துவிட்டோம்.

ஃபுசி

—

பங்காய்
ஜூலை 1

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? உங்களிடமிருந்து பதிலே இல்லை. கப்பல் வரும் நாளெல்லாம் துறைக்குப் போகிறேன். நான் போவதற்கு முன்பே மனாசே மாமா தபால்பை பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். ஒரு நாள், "அவங்க அப்படித்தான், பாப்பா. பதில் போடலன்னா மறந்துட்டாங்கன்னு இல்ல" என்றார். உங்களுக்கு அவரை அவ்வளவு தெரியுமா?

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அப்படியானால் மன்னியுங்கள். நேற்று இரவு என் குடிசைக்கு வெளியே செமிசி இருமும் சத்தம் கேட்டதுமே விளக்கை அணைத்துவிட்டேன். அவன் என் கதவுக்குப் பக்கத்தில்கூட வர மாட்டான் என்று தெரியும். ஆனாலும் தெரிந்துவிட்டதோ என்று பயம். அவன் பன்றிகளை விரட்டத்தான் வந்திருக்கிறான்.

ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

ஃபுசி

—

ஓடாஹூஹூ
ஜூலை 8

என் கண்ணு,

நான் நலம். உன்மேல் கோபம் இல்லை. கையைத் தண்ணீரில் வைத்திருந்தேன், அதனால் பேனா பிடிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்.

ஜூடித் ஒத்துக்கொண்டாள். உங்கள் இரண்டு பேர் கைகளையும் எடுத்துவிடப் போகிறாள். பதிலுக்கு வயதான இரண்டு கைகள் வேண்டும். பெண்ணின் கை இங்கேயே கிடைத்துவிட்டது. சலவை நிலையத்தில் வேலை செய்கிற ஒருத்தி. சோப்புத் தண்ணீரில் சுருங்கிப்போன கை. உப்புத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் வைத்துப் படம் எடுத்துவிட்டார்கள். ஜூடித்துக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஆணின் கையை அதே பாறைத்திட்டில்தான் எடுக்க வேண்டுமாம். கேமராக்காரப் பையன் ஒருவன் இருபதாம் தேதி வருகிறான். வெயிலில் அடிபட்ட, உழைத்த கையாக வேண்டும். எனக்கு அங்கே வேறு யாரையும் ஞாபகம் இல்லை. மனாசேவைக் கேட்டுப் பார்.

மற்ற கை யாருடையது என்று கேட்டால் தெரியாது என்று சொல். உனக்குத்தான் தெரியாதே, அதில் பொய் இல்லை.

லூபே அத்தை

—

பங்காய்
ஜூலை 23

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். நானும் இன்றுதான் உண்மையாகவே நலம். நேற்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொட்டலம் மூன்று. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மனாசே மாமாவிடம் முதலில் கேட்டபோது மாட்டேன் என்றார்.

"என் கையைப் பாத்தா மீனே ஓடிடும். என்னை எதுக்குப்பா சினிமாவுல?"

"முகம் வராது மாமா. கை மட்டும்தான்."

"என்னை யார் கேக்கச் சொன்னது?"

"அத்தை எழுதினாங்க. வேற யாரையும் ஞாபகம் இல்லையாம்."

அவர் கொஞ்ச நேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அப்படியேவா எழுதியிருந்தாங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அந்த வரியைத் திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

படம் எடுக்கும் அன்றைக்கு அவர் முகம் மழித்து, சர்ச் சட்டை போட்டு, மரியாதைக்கு இடுப்பில் சுற்றும் பாயையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேமராக்காரப் பையன் தலையில் கை வைத்தான். "ஐயா, முழங்கைக்குக் கீழதான் எடுக்கப் போறோம்" என்றான். "அது உனக்கு. எனக்கு முழுசா வரணும்" என்றார் மாமா. எங்கள் வகுப்புப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குட்டைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். ரொம்ப நாளாகத் தேடுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றான் பையன். மாமா அவனை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கையைத் தண்ணீருக்குள் விட்டார். என்னைப் போல விறைத்து நீட்டவில்லை. தூங்குகிற ஒருவரை எழுப்புகிற மாதிரி மெதுவாக விட்டார். முதல் தடவையே சரியாகிவிட்டது. பையன் கேமராவை மூடிவிட்டான். மாமா கையை எடுக்கவில்லை. நீர் ஏற ஆரம்பித்து முழங்கால் நனைந்த பிறகுதான் எழுந்தார்.

திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டார். "இன்னொரு கை யாருது, பாப்பா?" நீங்கள் சொன்னபடி, தெரியாது என்றேன். ஆனால் அத்தை, எனக்கும் அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

உங்கள்
ஃபுசி

—

ஓடாஹூஹூ
ஆகஸ்ட் 2

என் கண்ணு ஃபுசிக்கு,

நலம். உன் கடிதத்தை வாளியில் போடவில்லை. வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கை நடுங்கியதா என்று நீ எழுதவில்லை. பரவாயில்லை, படத்தில் நானே பார்த்துக்கொண்டேன். ஜூடித் ஒட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள். இருட்டறையில் அவள் என்னைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். புரிந்துகொள்கிற பெண்தான்.

இனி நீ பயப்பட எதுவும் இல்லை. சனிக்கிழமை போய் முன்வரிசையில் உட்கார்.

இந்தக் கடிதத்துக்கு நீ எழுதும் பதிலுக்கு என்னிடமிருந்து கடிதம் வராது. அதற்காகக் கவலைப்படாதே.

மனாசே உறையை உதறினால் உதறட்டும்.

லூபே அத்தை

—

பங்காய்
ஆகஸ்ட் 25, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

பதில் வராது என்று எழுதியிருந்தீர்கள். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பழைய பழக்கத்தில் விளக்கை மறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் கை நலமா? இதை ஏன் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் உறையைச் சொல்கிறேன். இந்தத் தடவை மாமா உதறியபோது ஒரு சின்னத் தாள் விழுந்தது. குனிந்து எடுத்தவர் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார். "என்ன மாமா அது?" என்றேன். "ஒண்ணுமில்ல, பாப்பா" என்றார். வழக்கமாக ஒன்றுமில்லை என்னும்போது அவர் முகம் அப்படி இருக்காது. மறுநாளிலிருந்து படகைச் சுரண்டிப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். பாட்டு வேறு. படகுத்துறைக்கே யாரும் போக முடியவில்லை.

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. வழக்கம்போல் பையன்கள் வாசலில் நின்று, அக்கா தங்கை யார் உள்ளே என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் திரும்பினார்கள். செமிசி தலையை நீட்டினான். முன்வரிசையில் நான். உடனே மறைந்துவிட்டான். ஜன்னலுக்கு வெளியே சீமைப்பலா மரம் குலுங்கியது. மேலே பத்துப் பையன்கள். ஒரு கிளை கொஞ்சம் ஆடினாலும் யாராவது "டேய், நகருடா, தலை மறைக்குது" என்றார்கள்.

கடைசிக் காட்சி வந்தபோது நான் தைத்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிமிர்ந்தேன். மேலேயிருந்து மாமாவின் கை இறங்கியது. கொஞ்சம் நடுங்கியது, அத்தை. கீழேயிருந்து ஒரு கை ஏறியது. சுருங்கிப்போன கை. புறங்கையில் மீன் வால்.

அது உங்கள் கை. ஆனால் எனக்கு மட்டும்தான் அந்த மீன் வால் தெரியும் என்று நினைத்தேன். விரல்கள் தொட்டன. பின்னாலிருந்து ஒரே ஒரு குரல்தான். மாமா பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஹாலுக்கே கேட்கும்படி சொன்னார்.

"அந்தச் சுண்டுவிரலைப் பாருய்யா. கோணலா இருக்குல்ல? என் துடுப்பு பட்டு ஒடிஞ்சது அது. நான்தான் கட்டுப் போட்டேன். சரியாக் கட்டத் தெரியல."

அப்பா திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அப்பா துணியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எங்க அக்கா கைதான்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம், "எங்க அப்பா அன்னைக்கு அக்காவை ஊரை விட்டு அனுப்பிவெச்சப்போ நான் சின்னப் பையன். என்னால என்ன சொல்ல முடியும்?" என்றார். அம்மா அவர் தோளில் இருந்த தூசியைத் தட்டினார்.

செமிசிக்கு எதுவும் தெரியாது. எப்போதும் தெரியப் போவதில்லை. மறுநாள் அடுப்படியில் அம்மாவிடம் ஒரே புலம்பல். "காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கையைத் தண்ணிக்குள்ள வெச்சிருந்தேன்மா. விரலெல்லாம் சுருங்கிப்போச்சு. கடைசில எவனோ கிழவன் கையைப் போட்டுட்டானுங்க. மரத்துல ஏறிப் பாத்ததுக்கு எறும்புக்கடிதான் மிச்சம்." அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போடா சினிமாக்காரா, தேங்காயைத் துருவு" என்றார். நான் குடிசைக்குள் துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். இத்தனை மாதத்தில் அவன் குரல் கேட்டு நான் சிரித்தது அப்போதுதான்.

நன்றி, அத்தை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதாமல் விட்டதை நான் கேட்கக் கூடாது என்று

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. இன்று கப்பல் தாமதம். அதன் ஊதல் கேட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. மனாசே மாமா சுருதியில்லாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போவது போலவும் இருக்கிறது. அப்பாவின் குறட்டை நின்றுவிட்டது. விளக்கை அணைக்க வேண்டும். அப்பா அம்மாவிடம் அவசரமாக, "அதை எடு, அதை விரி, சீக்கிரம்" என்கிறார். மூலையிலிருந்து பாயை இழுக்கிறார்கள். அந்தப் பாயை அப்பா வேறு யாருக்கும்

என் கதவைத் தட்டுகிறார்கள். இந்தக் கதவை யாருமே தட்டியதில்லை. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அப்பா செருமுவார், செமிசி இந்தப் பக்கமே வர மாட்டான். அத்தை, இது